ஐந்தாவது மெத்தை

விடுதியில் எங்களுக்கு இருபத்திரண்டு மெத்தை.
பின்னேரம் மூன்றரைக்கு மணி அடித்தால்
பதினாறு வெளியே போகும்,
இரண்டு தலைக்கு ஒன்றாக,
கோயில் சுவரைச் சுற்றி மைதானத்துக்கு.

மைதானம் என்பது ஒரு பேச்சுக்கு.
நூறு மீற்றர் ஓட அங்கே நேர்கோடு இல்லை.
எண்பதில் மாதா கெபி வந்துவிடும்.
ஓடுகிறவர்கள் அந்த இடத்தில் வளைவார்கள்,
சிலர் சிலுவை போட்டுக்கொண்டே.

முழுக் கல்லூரிக்கும் நூற்றுப் பதினொரு பிள்ளைகள்.
மூன்று இல்லம்,
மூன்றுக்கும் செத்துப்போன ஆயர்களின் பெயர்.
அஞ்சலோட்டத்துக்கு நாலு பேர் தேறாமல்
நீல இல்லம் ஒருமுறை
இருமல்காரி என்னையும் நிறுத்தியது.
அஞ்சற்கோலை வாங்கினேன். கொடுக்க மறந்தேன்.
அதன்பிறகு என் கையில்
கொப்பியும் பென்சிலும்: உயரம் எழுதும் வேலை.

அனற்றாவுக்குக் கோலூன்றிப் பாய்தல்.
கோல் கண்டியில் வாங்கிய பழசு.
யாரோ ஒருத்தியின் கைவேர்வை
அதில் கறுப்பாய் ஊறிக் கிடந்தது.
விழுவதற்குப் பஞ்சணை இல்லை.
ஸ்காபரோவில் இருந்து பழைய மாணவி ஒருவர்
அனுப்பிய காசு வாசல் வளைவுக்கு,
வளைவில் அவரது தாயின் பெயருக்கு.
ஆகவே மெத்தைகள்.
அவை நழுவாமல் இருக்க
அனற்றாவின் சித்தப்பா
பாசையூர்க் கரையில் இருந்து கொண்டுவந்த கிழிந்த வலை,
இன்னும் சில செதில்களோடு.

என்னுடையது ஐந்தாவது.
மூலையில் சிவப்பு நூலால் இலக்கம் தைத்திருக்கும்.
அவள் விழுவது சரியாக அதன் நடுவில்,
முதுகு முதலில்.
இரவு விரித்தால் மணல்.
ஒருநாள் ஒரு கிளிப், இரண்டு மயிரோடு.
எவ்வளவு தட்டினாலும் பள்ளம் நிமிராது.
அவளின் தோள் அகலம் எனக்கில்லை;
அதற்குள் படுத்தால்
அளவில்லாத சட்டைக்குள் நிற்பதுபோல் இருக்கும்.

சிஸ்டர் பெர்டில்லா
அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு
குறுக்குத்தடியை விரற்கடை விரற்கடையாய் உயர்த்துவா.
"இன்னும் அஞ்சு சென்ரிமீற்றர். பிறகு செபமாலை."
அனற்றா ஓடி வருவாள். கோல் வளையும்.
கால்கள் வானத்திலும்
பின்னல் பூமியை நோக்கியும்
ஒரு கணம்.
பிறகு என் மெத்தை தொம் என்னும்.

வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
"ஆணவம், சுவாமி."
"என்ன செய்தனீர்?"
"அவள் பாய்ஞ்ச உயரத்தை எழுதேக்க
என்ரை எண்டு நினைக்கிறன்."
கம்பித் திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை.
பிறகு மெல்ல:
"இப்ப எவ்வளவு?"
"ரெண்டு எண்பது, சுவாமி."
மூன்று அருள்நிறைந்த மரியாயே தந்தார்.
அடுத்த வெள்ளி
பாவத்துக்கு முன்னமே உயரத்தைக் கேட்டார்.

மாகாணப் போட்டியன்று
கோல் ஓட்டோவுக்குள் அடங்கவில்லை.
முன்னால் ஒரு சைக்கிளில் எமில்தாஸ் மாஸ்டர்,
பின்னால் ஒரு சைக்கிளில் சித்தப்பா,
இரண்டு தோளுக்கும் நடுவே கோல்.
ஆஸ்பத்திரி வீதி முழுக்க விலகி நின்று பார்த்தது.

அங்கே நீலநிறப் பஞ்சணை, இடுப்பளவு உயரம்.
இரண்டு எண்பத்தைந்து பாய்ந்தாள்.
தொண்ணூறில் மூன்று தரமும் தடி விழுந்தது.
பிழைக்குப் பெருக்கல் குறி போடவேண்டும்.
மூன்று போட்டேன்,
சாய்ந்துபோன சிலுவைகள் மாதிரி.
நாலாம் இடம்.

"எப்பிடி இருந்தது?" என்றேன்.
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"விழுந்ததே தெரியேல்லையடி.
எழும்ப வேணும் எண்டதே மறந்துபோச்சு."

அன்றிரவு மெத்தையில் மணல் இல்லை.
நித்திரையும் இல்லை.

சனிக்கிழமை யாரும் மணி அடிக்கவில்லை.
அவளாக வந்து ஐந்தாவதன் கால்பக்கத்தைப் பிடித்தாள்.
தலைப்பக்கம் நான்.
"மழை வரும்போலக் கிடக்கு" என்றாள்.
கெபிக்குப் பின்னால் நின்று சிஸ்டர்
சின்ன வகுப்புப் பிள்ளைகள்
மாங்காய் ஆயக் கொண்டுபோன குறுக்குத்தடியைக் கேட்டு
கத்திக்கொண்டிருந்தா.